வலிக்காத நோய், வழி தவறிய பயம்

சிறுநீரக நோய்ப் பிரிவுக்கு முதல்முறை வருகிறவர்கள் மருத்துவரிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க டாக்டர். யூரின் நல்லாத்தான் போகுது. வேற எதுக்கோ ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்க, கிட்னியில பிரச்சினைன்னு இங்க அனுப்பிட்டாங்க." அவர் சொல்வதும் உண்மை, கையில் இருக்கும் ரிப்போர்ட்டும் உண்மை. இந்த உறுப்பின் விஷயத்தில் இரண்டும் ஒன்றாக நடக்கும்.

இடுப்பு வலித்தால் கிட்னிக் கோளாறு, தண்ணீர் நிறையக் குடித்தால் கிட்னிக்கு நல்லது, பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும். டயாலிசிஸ் ஆரம்பித்தால் அதோடு சரி. இப்படி வீட்டுக்கு வீடு புழங்கும் நம்பிக்கைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அஞ்ச வேண்டிய விஷயங்களில் அலட்சியமும், அஞ்ச வேண்டாதவற்றில் நடுக்கமுமாக நம் பயம் இடம் மாறிக் கிடக்கிறது. சிறுநீரகம் வலியால் எதையும் தெரிவிக்காததே இதற்கு முக்கியக் காரணம்.

நல்லாப் போகுதே!

ஒரு சிறுநீரகத்தின் எடை ஏறத்தாழ 150 கிராம். அதற்குள் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள், நெஃப்ரான்கள், இருக்கின்றன. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கே போகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் திரவம் வடிகட்டப்படுகிறது. அதில் வேண்டியதையெல்லாம் உடல் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

இந்தக் கணக்கிலேயே முதல் தவறான நம்பிக்கைக்குப் பதில் இருக்கிறது. வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்தாலும் ஒன்றரை லிட்டர் சிறுநீர் தாராளமாக வரும். இன்னும் சொன்னால், பழுதுபட்ட சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனைத்தான் முதலில் இழக்கிறது. அதனால் நோயாளி முன்பைவிட அதிகமாகவே சிறுநீர் கழிப்பார். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவார். எவ்வளவு போகிறது என்பதைவிட அதில் எது போகிறது, எது போகவில்லை என்பதே முக்கியம். கழிவு ரத்தத்திலேயே தங்கிவிட, உடலுக்கு வேண்டிய புரதம் வெளியேறிக்கொண்டிருக்கலாம். அடங்காமல் நிற்கும் நுரையும், காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீக்கமும் அதன் அடையாளங்கள்.

வலியை நம்புவதும் சரிவராது. சிறுநீரகத்தின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் தெரியும். கல் அடைத்தாலோ, கிருமி தொற்றி வீங்கினாலோ வலிக்கும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் நெஃப்ரான்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரும்போது வலிப்பதற்கு ஒன்றுமில்லை. இடுப்பு வலிக்காக ஸ்கேன் எடுத்து "கிட்னி நார்மல்" என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடுகிற சர்க்கரை நோயாளிகள் பலர். ஸ்கேன் காட்டுவது உருவத்தை. அளவும் வடிவமும் ஒழுங்காக இருக்கும்போதே செயல்பாடு குறைந்திருக்க முடியும். சர்க்கரை நோயில் சிறுநீரகம் சுருங்காமலும் இருக்கும்.

ஒரே 1.3, இரண்டு அர்த்தம்

அப்படியானால் எதை நம்புவது? ரத்தத்தில் கிரியாட்டினின் அளவை. அதையும் தனியாக நம்பிவிடக் கூடாது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ளவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மெலிந்த முதியவருக்குக் குறைவாக இருக்கும். 30 வயது இளைஞர் ஒருவருக்கும் 70 வயதுப் பாட்டி ஒருவருக்கும் ரிப்போர்ட்டில் 1.3 என்றே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் என்ற வடிகட்டும் திறன் இளைஞருக்கு ஏறத்தாழ 76 வரும். பாட்டிக்கு 44. மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். "1.3 தானே, கொஞ்சம்தான் கூட" என்று ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் அந்தப் பாட்டிக்கு, இதே அளவு நீடித்தால், நோய் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. கிரியாட்டினின் 1-லிருந்து 2 ஆனால் செயல்பாட்டில் பாதி போய்விட்டது என்று பொருள். 6-லிருந்து 7 ஆனால் புதிதாகப் போனது மிகக் கொஞ்சம். மக்கள் பதறுவதோ 7-ஐப் பார்த்து. மருந்தால் அதிகம் சாதிக்கக்கூடிய காலம் 1-க்கும் 2-க்கும் இடையில் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறது.

கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் தென்பட்டால் வடிகட்டியில் ஓட்டை விழத் தொடங்கிவிட்டது. சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இது. பாதத்தையும் கண்ணையும் பார்த்துக்கொள்கிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள்.

சுகரும் இல்லை, பி.பி.யும் இல்லை, ஆகவே நமக்கு வராது என்பதும் பிழை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில், இந்த இரண்டும் இல்லாத நெல் விவசாயிகளிடம் சிறுநீரகச் செயலிழப்பு அதிகமாகக் காணப்படுவதை 1990-களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே கதை. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடமும் இது பதிவாகியிருக்கிறது. நிலத்தடி நீர், பூச்சிக்கொல்லி, கடும் வெயிலில் உடல்நீர் வற்ற வேலை செய்வது என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. முடிந்த முடிவாக எதுவும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

தண்ணீர் குடித்தால் கழுவிவிடுமா?

"தண்ணி நிறையக் குடிங்க, கிட்னி க்ளீன் ஆயிடும்" என்பது அநேகமாக எல்லா வீட்டிலும் கிடைக்கும் இலவச ஆலோசனை. கனடாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மூன்றாம் கட்ட நோயுள்ள 631 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை ஓர் ஆண்டு முழுக்க வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 2018-இல் முடிவு வெளியானது. அதிகம் குடித்தவர்களுக்கும் வழக்கம்போல் குடித்தவர்களுக்கும் செயல்பாடு குறையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

கல் உள்ளவர்களின் கதை வேறு. இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் இரண்டு லிட்டராவது சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்பி வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். ஒருவருக்கு மருந்தாகும் தண்ணீர் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். செயலிழப்பு முற்றி, கால் வீங்கி, மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவருக்கு "இன்னும் ஒரு சொம்பு குடி" என்று அன்போடு நீட்டப்படும் தண்ணீர் நுரையீரலில்தான் போய்த் தேங்கும்.

கல்லோடு ஒட்டிய இரண்டு நம்பிக்கைகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். தக்காளி விதை கல்லாக மாறாது. விதை குடலைத் தாண்டி ரத்தத்துக்கே போக முடியாது, பிறகு எப்படிச் சிறுநீரகத்துக்குப் போகும்? கல்லில் கால்சியம் இருக்கிறது என்பதற்காகப் பாலையும் தயிரையும் நிறுத்துவது எதிர்விளைவைத் தரும். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. பாலைக் குறைத்தால் ஆக்ஸலேட் தடையின்றி உள்ளே போகிறது. 2002-இல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வில், கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 ஆண்களில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்துக்கொண்ட 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே திரும்பியது.

மாத்திரை மேல் பழி

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பத்து வருடமாக மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்குக் கிட்னி பழுதானால் குடும்பம் முதலில் கை நீட்டுவது மாத்திரையை நோக்கி. "அத்தனை மாத்திரை, அத்தனை சூடு, கிட்னி என்னத்துக்கு ஆகும்?" உண்மையில் கெடுத்தது மாத்திரையால் கட்டுப்படாமல் போன சர்க்கரையும் அழுத்தமும். பயந்துபோய் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் தங்கள் சிறுநீரகத்துக்கு இருந்த காவலையே விலக்குகிறார்கள்.

லோசார்டான், டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற மருந்துகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வடிகட்டியையும் ஒரு சிறு குளம் என்று கொண்டால், ரத்தம் உள்ளே வர ஒரு வாய்க்காலும் வெளியே போக ஒரு மடையும் உண்டு. இந்த மருந்துகள் மடையைக் கொஞ்சம் திறந்துவிடுகின்றன. உள்ளே அழுத்தம் தணிகிறது, புரதம் கசிவது குறைகிறது. ஆரம்பித்த சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடலாம். 30 சதவீதம் வரை கூடுவதை மருத்துவர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். நோயாளி அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத் தானாக மாத்திரையைத் தூக்கிப் போடுவதுதான் சிக்கல்.

அண்மையில் சேர்ந்த காவலாளி, சர்க்கரைக்கென்று வந்த டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மருந்துகள். 2020-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களும் உட்பட 4,304 சிறுநீரக நோயாளிகள் பங்கேற்றார்கள். செயல்பாடு பாதிக்கும் கீழே சரிவது, முழுச் செயலிழப்பு, சிறுநீரக அல்லது இதயக் காரணத்தால் மரணம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14.5 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 9.2 சதவீதத்தினருக்கு. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி, விலையும் இறங்கிவிட்டது.

மெட்ஃபார்மினும் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது என்பதால், ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். இதோடு சேர்ந்த ஒரு மயக்கமும் உண்டு. நாள்பட்ட சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று சுகர் தானாகவே இறங்கத் தொடங்கும். இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வரும். "சுகர் குணமாயிட்டு வருது" என்று வீடே மகிழும். இன்சுலினை உடைத்து வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வேலை நடக்காததால் இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்கிவிட்டது என்பதே அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் இருக்கக்கூடிய செய்தி.

பயப்படாமல் விழுங்குவது

பி.பி. மாத்திரையைச் சந்தேகிக்கும் அதே வீட்டில், மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி நிவாரணி நாள்தோறும் உள்ளே போகும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் மேலே சொன்ன வாய்க்காலைச் சுருக்கிவிடுகின்றன. இளம் வயதில், ஆரோக்கியமான உடலில், இரண்டு நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வயதானவர், ஏற்கெனவே செயல்பாடு குறைந்தவர், வாந்தி பேதியில் உடல்நீர் வற்றியவர் சாப்பிட்டால் வடிகட்டிக்கு ரத்தமே போதாமல் போகும். மடையைத் திறக்கும் பி.பி. மருந்தும், நீர் பிரியச் செய்யும் மாத்திரையும், வலி நிவாரணியும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் முடங்கக்கூடும்.

டைக்ளோஃபினாக் என்ன செய்யும் என்பதைத் தெற்காசியா தன் வானத்திலேயே பார்த்திருக்கிறது. 1990-களில் பாறுகள் எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. வலிக்காக டைக்ளோஃபினாக் ஊசி போடப்பட்டு இறந்த மாடுகளைத் தின்றதே காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் நிறுவியது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் அழிந்துபோயின. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2006-இல் தடை வந்தது. நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்று பறக்கும் பாறுகள் அந்த அழிவில் தப்பிய சிறு கூட்டம். மனித உடல் கழுகின் உடலல்ல, அந்த மருந்தை அது நன்றாகவே சமாளிக்கும். ஆனாலும் கேட்டதும் கொடுக்கப்படும் ஒரு மாத்திரைக்கு இப்படியொரு வரலாறு இருக்கிறது.

அடுத்தது, "இயற்கை மருந்துதானே, பக்கவிளைவு இருக்காது" என்ற துணிச்சல். 1992-இல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இளம் பெண்கள் சிலர் காரணம் தெரியாத சிறுநீரகச் செயலிழப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோரும் உடல் மெலிவதற்காக ஒரே சிகிச்சை நிலையத்தில் சீன மூலிகைத் தூள் சாப்பிட்டவர்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த வேறொன்று தவறிக் கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேரைத் தாண்டினார்கள். பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடி இனம் நமக்கு அந்நியமல்ல. ஆடுதீண்டாப்பாளையும் கருடக்கொடியும் அதன் உறவுகள்தாம்.

உலோகம் சேர்ந்த மருந்துகளின் கதை இன்னும் அண்மையது. வடிகட்டியின் சுவர் தடித்துப் புரதம் கொட்டும் ஒரு வகை நோயாளிகள் பலர் பாரம்பரிய மருந்து சாப்பிட்டவர்களாக இருப்பதைச் சென்னை நோயியல் மருத்துவர்கள் உள்ளிட்ட குழு 2022-இல் பதிவு செய்தது. அந்த மருந்துகள் சிலவற்றில் பாதரசம் இருந்தது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அதே நோய் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் வழியாக வந்தது. அங்கே இந்த வகை நோய் உறுதியான 15 பேரில் 13 பேர் அந்தக் க்ரீம்களைப் பூசியவர்கள். இரண்டு இடங்களிலும், பாதரசத்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புரதக் கசிவு குறைந்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களையே தள்ளிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. பெயரும் கலவையும் எழுதாத பொட்டலத்தை, சிறுநீரகம் பழுதானவர், கிரியாட்டினின் பார்க்காமல் மாதக்கணக்கில் சாப்பிடுவதே ஆபத்து.

பழத்துக்கும் இது பொருந்தும். கொழுப்பைக் குறைக்கும் என்று கேரளத்தில் பிலிம்பிக் காயைச் சாறு பிழிந்து குடித்த 10 பேருக்கு ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் முடங்கியது. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதன் சகோதரியான நட்சத்திரப் பழத்தில் நரம்பைத் தாக்கும் நச்சு ஒன்று உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் நோயாளி சாப்பிட்டால் முதலில் விடாத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு வரை போகும்.

தட்டில் என்ன வைப்பது?

உணவு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்பது கிடையாது. ஒரு நோயாளிக்கு எழுதிக் கொடுத்த உணவுச் சீட்டு செல்போன் வழியாக ஊர் முழுக்கப் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இளநீரை எடுத்துக்கொள்வோம். ஒரு காயில் அரை கிராமுக்கும் மேல் பொட்டாசியம் இருக்கும். பேதியில் வாடியவருக்கு அது நல்லது. சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவருக்கு அந்தப் பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கி, முன்னறிவிப்பில்லாமல் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்களுக்குக் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வது இதனால்தான். பொட்டாசியம் சரியாக இருக்கும் ஆரம்ப நிலை நோயாளி பழம், கீரையெல்லாம் ஒதுக்கி வாட வேண்டியதில்லை.

உப்பைக் குறைக்கச் சொன்னால் இந்துப்புக்கு மாறுகிறவர்கள் அதிகம். நிறம் மாறினாலும் அதுவும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். "லோ சோடியம்" என்று எழுதிய பாக்கெட் அதைவிட ஏமாற்றும். சோடியத்தைக் குறைத்து அதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். உண்மையான குறைப்பு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இவற்றிலிருந்துதான் தொடங்கும். உப்புக் குறைந்தால் தாகமும் குறையும்.

முட்டை, பருப்பு, மீன் எதுவும் கூடாது என்று கஞ்சியோடு நிறுத்திவிடுவதும் வழக்கம். டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் புரதத்தை அளவாகக் குறைப்பது சரி. டயாலிசிஸ் தொடங்கியபின் ஒவ்வொரு முறையும் புரதச் சத்து வெளியேறுவதால் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. முட்டையின் வெள்ளைக்கருவை மருத்துவர் சாப்பிடச் சொல்வார், பாட்டி தடுப்பார். கஞ்சி குடித்து மெலிந்த நோயாளி ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கே படுத்துவிடுவார்.

டயாலிசிஸ் என்றால் முடிவா?

"ஒருதரம் மெஷின்ல போட்டா விடாது" என்ற பயத்தில் டயாலிசிஸைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். இந்தக் கருவியின் வரலாறே அதற்கு எதிர்ச்சாட்சி.

நெதர்லாந்தின் காம்பன் நகரில், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் இறைச்சிச் சாஸேஜுக்கு உறையாகும் செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி 1943-இல் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். ஆரம்பத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-இல் மயக்க நிலையில் வந்த 67 வயதுப் பெண் ஒருவர் பல மணி நேரச் சுத்திகரிப்புக்குப் பிறகு கண் திறந்தார். அவருக்கு வந்திருந்தது திடீர்ச் செயலிழப்பு. அவருடைய சிறுநீரகங்கள் தாமாக மீண்டன. பல ஆண்டுகள் வாழ்ந்தார். டயாலிசிஸால் பிழைத்த முதல் ஆளே டயாலிசிஸிலிருந்து விடுபட்டவர்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இன்றும் அது நடக்கிறது. கண்ணாடி விரியன் கடி, எலிக்காய்ச்சல், கடும் வாந்தி பேதி, பிரசவத்தில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு இவற்றால் முடங்கும் சிறுநீரகம் சில வாரங்களில் மீண்டு வருவதற்குப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. அந்த வாரங்களைக் கடக்க டயாலிசிஸ் வேண்டும். பயந்து மறுத்தால் மீளக்கூடிய உயிரையே இழக்க நேரும். நாள்பட்ட நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்தவருக்குத்தான் அது தொடர் சிகிச்சை. அவரைத் தொடர வைப்பதும் செயலிழந்த சிறுநீரகமே. இயந்திரம் யாரையும் அடிமையாக்குவதில்லை.

கிரியாட்டினின் ஓர் எண்ணைத் தொட்டதும் டயாலிசிஸ் என்பதும் தவறு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே தொடங்கியவர்கள் கூடுதலாக வாழ்ந்துவிடவில்லை. பசியின்மை, வாந்தி, மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத பொட்டாசியம் இவற்றை வைத்தே காலம் குறிக்கப்படும். அதற்குள் செய்துவைக்க வேண்டியது ஒன்று உண்டு: முன்கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா. அது பழுத்துத் தயாராக ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் விர்ரென்று ஓடும் அதிர்வு தெரியும். "இதைப் போட்டா டயாலிசிஸ் வந்துடும்" என்று தள்ளிப்போட்டால், அவசரத்தில் கழுத்தில் குழாய் போட்டுத் தொடங்க வேண்டி வரும். அந்தக் குழாய் வழியே கிருமி தொற்றும் வாய்ப்பு மிக அதிகம். ஃபிஸ்டுலா வைக்கப்போகும் கையில் ஊசி குத்தவே விடக் கூடாது.

டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரத்தில் ஒரு நோயாளிக்காக ஓடும் சுத்திகரிப்புத் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 120 லிட்டர். வாரத்துக்கு மூன்று முறை என்பது உலக நடைமுறை. நம்மில் பலர் செலவுக்கும் பயணத்துக்கும் அஞ்சி இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மையத்துக்கே போகாமல் வீட்டிலேயே வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து எடுக்கும் முறையும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொடுக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

மாற்றுவதில்லை, சேர்க்கிறார்கள்

மாற்று அறுவை சிகிச்சை என்றதும் பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழைய இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்றாவதாக ஒன்றை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், காலுக்குப் போகும் ரத்தக்குழாய்களோடு இணைத்து வைக்கிறார்கள்.

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழு செய்த முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சையில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள். கொடுத்த ரொனால்ட் ஹெரிக் 79 வயது வரை ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்ந்தார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சை 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஒன்றைக் கொடுத்தால் மிஞ்சியது சற்றுப் பருத்து, முன்பிருந்த மொத்தச் செயல்பாட்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தை ஈடுகட்டும். அபாயமே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்கக் கணக்கின்படி 10,000 கொடையாளர்களில் 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகச் செயலிழப்பு வரக்கூடும். அதே அளவு ஆரோக்கியமுள்ள, கொடுக்காத 10,000 பேரில் 14 பேருக்கு. "கொடுத்தவர் படுத்துவிடுவார்" என்பதும் "ஒன்றுமே ஆகாது" என்பதும் இரண்டுமே மிகை.

அந்தக் கணக்கு, நன்றாகப் பரிசோதிக்கப்பட்டு, பிறகும் கவனிக்கப்படுகிற கொடையாளருக்கு உரியது. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர் இருந்தது. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து எடுத்த ஆய்வு 2002-இல் வெளியானது. 96 சதவீதம் பேர் கடன் அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதத்தினர் தங்கள் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். இந்த வியாபாரத்தைத் தடை செய்த சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது.

உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாரும். அவர்கள் மீதான இந்தச் சுமை குறைய வேண்டுமானால் மூளைச்சாவு அடைந்தவர்களின் கொடை பெருக வேண்டும். 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடுத்தபோது தமிழ்நாட்டில் பலர் அந்தச் சொல்லையே முதல்முறை கேட்டார்கள். 2023-இலிருந்து உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்குக்கு மாநில அரசு மரியாதை அளிக்கிறது.

கடைசியாக ஒரு நம்பிக்கை, சிகிச்சை வென்ற பிறகு வருவது: "புதுக் கிட்னி வந்தாச்சு, இனி மாத்திரை எதுக்கு?" ஹெரிக் சகோதரர்கள் உருவொத்த இரட்டையர்கள் என்பதால் அவர்களுக்கு எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரை தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கு, புதிய சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும், தினமும் நேரம் தவறாமல் அது வேண்டும். உடம்பு தேறி, வேலைக்குப் போய், இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்ததும் மாத்திரையைத் தாமாக விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்போதும் பெரும்பாலும் வலி இராது, சிறுநீர் வழக்கம்போல் போகும். 1.1-ஆக இருந்த கிரியாட்டினின் 1.6 ஆகியிருப்பதை ஆய்வகத் தாள்தான் முதலில் காட்டும். அதனால்தான் நன்றாக இருக்கும் நோயாளிகளையும் ரத்தப் பரிசோதனைக்கு விடாமல் வரச்சொல்கிறார்கள்.